கனமில்லாத பெட்டி

ரெத்தினம் அந்தச் சின்னப் பெட்டியில் வாசித்துப் பார்க்கவே இல்லை. தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். தஞ்சாவூர் கடையின் சிவப்புத் தரை ஓரமாக ஓடிய ஒரு சாண் அகலக் கறுப்புப் பட்டையின் மேல், ஒரு காலுக்கு முன் ஒரு காலாக வைத்து வாசல்வரை நடந்து திரும்பினான்.

"பேஸ் கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்க வந்தீங்களா, கரகம் ஆட வந்தீங்களா?" கடைக்காரர் பஞ்சநதம் சிரித்தார்.

"நடந்து பாத்தாத்தானே தெரியுங்க," என்றான் ரெத்தினம்.

வீணைகளுக்குப் பின்னால் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த சிவசங்கரனுக்கு வயிறு எரிந்தது. ரெத்தினம் திருத்துறைப்பூண்டியில் பஸ் ஏறுவதைப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வந்தவன் அவன்.

இரண்டு பேரும் ஒரே ஊர். ஒரே மெல்லிசைக் குழுவில் மாறி மாறி பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள். குழு நடத்தும் மூஸா போன வாரம் கறாராகச் சொல்லிவிட்டார். "ஒரு குழுவுக்கு ஒரு பேஸ் போதும்ப்பா. பொங்கல் கச்சேரிக்கு ரெண்டு பேரும் சொந்தப் பெட்டியோட வாங்க. யாரு சத்தம் நல்லாருக்கோ, அவங்களுக்குத்தான் இடம்."

நில உச்சவரம்புச் சட்டத்தில் சிவசங்கரன் வீட்டு நிலம் நாலு ஏக்கர் போனது. அதில் ஒரு ஏக்கர், அவன் வயல்களுக்கு நட்டநடுவில், ரெத்தினத்தின் அப்பா தங்கையன் பேருக்குப் பட்டாவாயிற்று. தங்கையன் அங்கேயே வீடும் கட்டிக்கொண்டார். நிலம் போனதைக்கூட சிவசங்கரன் பொறுத்துக்கொண்டான். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அப்படி விரல்கள் இருப்பதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. ஆத்திரத்தில் ஒவ்வொரு நடவுக்கு முன்னாலும், அந்த வீட்டுக்குப் போகும் ஒரே வரப்பின் இரண்டு பக்கமும் மண்வெட்டியால் செதுக்கித் தள்ளுவான். யாராவது கேட்டால், என் வரப்பு, என் மண்வெட்டி என்பான்.

போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் அவன் மனைவி பாகீரதியே சொல்லிவிட்டாள். "இன்னிக்கு ரெத்தினம் வாசிச்சதா? அதான் நல்லாருந்துச்சு." அன்றிலிருந்து அவனுக்கு வீட்டுச் சாப்பாடு இறங்கவில்லை.

ரெத்தினம் பெட்டியை இறக்கி வைத்தபோது சிவசங்கரனைப் பார்த்துவிட்டான். "வாங்க சார். பயிர் எப்படிங்க இருக்கு?"

தங்கையன் அவனை 'ஆண்டே' என்பார். மகனுக்கு அது 'சார்' ஆகிவிட்டது. சிவசங்கரனுக்கு அதுவும் ஓர் எரிச்சல்.

"கதிர் சாஞ்சிருச்சு. அறுப்பு பொங்கல் கழிச்சுத்தான். அதுக்கென்ன இப்ப?"

"சும்மாதான் கேட்டேன்."

பஞ்சநதம் இருவருக்கும் பொதுவாகப் பேசினார். "கடையில இருக்கறது இந்த ரெண்டுதான். அந்தப் பெரிசு பழசு, வால்வு வச்சது. சாய்க்கவே கூடாது. சுத்தி நாலு பேரு நின்னு தூக்கணும். ஆனா அடிச்சீங்கன்னா நெஞ்சுல வந்து இடிக்கும். இந்தச் சின்னது டிரான்சிஸ்டர். ஒரு ஆளே தூக்கிட்டுப் போயிடலாம். சத்தம் சுமார்தான். விலை ரெண்டும் ஒண்ணு."

ரெத்தினம் கிட்டாரைப் பெரிய பெட்டியில் செருகி, ஒரே ஒரு தந்தியைத் தட்டினான். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. அவன் முகத்தில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது. தரையின் கறுப்புப் பட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு, கிட்டாரைக் கழற்றிக்கொண்டான்.

"சின்னதே போதுங்க."

சிவசங்கரனுக்குச் சுருக்கென்றது. என்ன திமிர். என் விரலுக்கு இந்தத் துக்கடாப் பெட்டியே போதும் என்கிறானா? இல்லை, அந்தச் சின்னதில் நமக்குத் தெரியாத சூட்சுமம் ஏதாவது இருக்கிறதா? அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை. ரெத்தினம் கை வைத்த பெட்டி என்பதே அவனுக்குப் போதுமான காரணமாக இருந்தது.

"அது எனக்கு," என்று பணத்தை மேசைமேல் வைத்தான்.

"சார், நான் மொதல்ல சொல்லிட்டேனே."

"சொன்னா ஆச்சா? பில்லு போட்டாத்தான் கணக்கு. போடுங்க பில்லை."

ரெத்தினத்தின் முகம் வாடியது. "யோசிச்சுப் பாருங்க சார். உங்களுக்குப் பெரிசுதான் நல்லது. உங்க வாசல்வரைக்கும் வேன் வரும்."

"எனக்கு எது நல்லதுன்னு நீ சொல்லாத."

பஞ்சநதம் தயங்கித் தயங்கிப் பில் எழுதினார். சிவசங்கரன் சின்னப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டான். இத்தனை வருட எரிச்சல் ஒரேயடியாக அடங்கியதுபோல் இருந்தது. அதோடு போயிருக்கலாம். வாசல்படியில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"ஏன் உம்முன்னு நிக்கிற? அந்தப் பெரிசைத் தூக்கிட்டுப் போயேன். உங்காளுங்கள்ல நாலு பேரு கெடைக்க மாட்டாங்களா?"

"ஆளு கெடைப்பாங்க சார்." ரெத்தினம் பெரிய பெட்டிக்கான பணத்தைக் கடைக்காரரிடம் நீட்டினான். அவன் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "ஆனா உங்க வரப்புல இப்ப ஒரு ஆளுதான் நடக்கலாம். நாலு பேருன்னா வயல்ல எறங்கித்தான் ஆகணும்."

சிவசங்கரன் தோளில் இருந்த பெட்டி சட்டென்று கனத்தது.

"உங்க கதிர மிதிக்கக் கூடாதேன்னுதான் சார் நான் சின்னதக் கேட்டேன்."