கத்தரி இலையில் ஏழு ஓட்டை

"எப்பலருந்துய்யா இப்படி ஓட்டை?"

"நேத்துலருந்துதான் ஆபீசரம்மா. எந்தப் பூச்சின்னே புரியல. பயமா இருக்கு."

லென்ஸை வைத்துப் பார்த்த பயிர் ஆபீசரம்மா சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். கத்தரி இலையில் ஏழு ஓட்டை. ஏழும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு. பூச்சி தின்ற இலை கோணல்மாணலாக அல்லவா இருக்கும்? இது காகிதத்தில் ஓட்டை போடுகிற மெஷினின் வேலை.

மூன்று மாதமாகச் செவ்வாய் தவறாமல் வருகிறார் இந்தத் தோட்டக்காரர். போன வாரம் இலையில் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொண்டு வந்து, "சாம்பல் நோயா?" என்று கேட்டார்.

பாவம், வீட்டில் பேச ஆளில்லாத தனிக்கட்டை போலிருக்கிறது. முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"வேப்பெண்ணெய் அடிங்க. அடுத்த வாரமும் இலை கொண்டாங்க."

"சரிம்மா. நீங்க சாப்பிட்டீங்களா?"

மாற்றலாகி வந்த இந்த ஊரில் அவளை அப்படிக் கேட்கிறவர் அவர் ஒருத்தர்தான். மற்ற சனமெல்லாம் இலையை நேரே பூச்சிமருந்துக் கடைக்குக் கொண்டுபோய்விடும். ஆபீசில் அவளும் சுவரில் தொங்கும் பூச்சிப் படங்களும்தான். போனில் அம்மா கேட்டால் மட்டும், "மூச்சுவிட நேரமில்லம்மா" என்பாள்.

அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. நாலு மணிவரை வாசலையே பார்த்தாள். ஒண்டி ஆள், காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைத்துத் தர யார் இருக்கிறார்கள்? பதிவேட்டில் விலாசம் பார்த்துக் கிளம்பிவிட்டாள்.

அவர் வீட்டு வாசலில் பதினொரு ஜோடிச் செருப்பு. உள்ளே சந்தைக்கடை இரைச்சல்.

கதவைத் திறந்தது அவர் மனைவி.

"ஆபீசர் பொண்ணா? வாம்மா. கால் சுளுக்கிப் படுத்திருக்கார். உன் ஆபீசுக்குப் போயே ஆகணும்னு காலையிலருந்து ஒரே ரகளை."

"கத்தரியில இன்னும் பூச்சி விடலையாம்மா?" அவரைக் காட்டிக்கொடுக்காமல் கேட்டாள்.

"பூச்சியா? முப்பது வருஷமா கத்தரி போடுற மனுஷன். பூச்சி தலைகாட்டுறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிடுவாரே."

"அப்ப அந்த இலையெல்லாம்..?"

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"பேத்தியோட பள்ளிக்கூடப் பையிலருந்து மெஷினை எடுத்து இவரே ஓட்டை போடுறார்மா. 'அந்தப் பொண்ணு நாளெல்லாம் ஒத்தையில சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்கு. சும்மா போனா ஏன் வந்தீங்கன்னு கேக்கும், இலையோட போனா நாலு வார்த்தை பேசும்'னாரு."