மிதந்த முட்டைகள்

காற்றுக் குழாயை மூடிவிட்டு, அக்கா முட்டை போட்ட கண்ணாடிக் குவளையை மாடி ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தாள்.

தம்பி குனிந்து பார்த்தான். தன் பண்ணைக்குப் பத்துப் பை கொடுவா மீன் முட்டை வாங்கிப்போக, விடிந்ததும் விடியாததுமாக வண்டி ஓட்டி வந்திருந்தான்.

“ஆம்பளை மீனுங்க இந்தத் தடவையாவது வேலை பார்த்துச்சாக்கா? இல்ல, நம்ம மாமா மாதிரி தின்னுட்டு சும்மா சுத்துச்சா?”

அக்கா தேவைக்கு அதிகமாகவே சிரித்தாள்.

கருக்கூடிய முட்டை மிதக்கும். கூடாதது அடியில் படியும். அவள் வேலை பார்க்கும் மீன்குஞ்சுப் பொரிப்பகத்தில் அவ்வளவுதான் பரீட்சை.

ஐந்து நிமிடம் ஆயிற்று.

ஒன்றுகூட இறங்கவில்லை. கண்ணாடிப் பொடி போல எல்லாம் மேலேயே மினுங்கின.

உண்மையில் ஆண் மீன்கள் சும்மாதான் சுற்றியிருந்தன. ஒரு முட்டையும் தேறவில்லை. ஏற்கெனவே இரண்டு ஈடு வீண். இதுவும் விற்காவிட்டால் பொரிப்பகத்தைப் பூட்டிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். பூட்டினால் அவளும் கணவனும் குடியிருக்கும் பின்னறையும் போகும்.

அதனால் குவளையிலிருந்த கடல் தண்ணீரில் மட்டும் கூடுதலாக மூன்று கரண்டி உப்பைக் கரைத்திருந்தாள். அத்தனை உப்பில் எதுவும் மிதக்கும்.

தம்பி சுண்டுவிரலைக் குவளையில் நனைத்து நாக்கில் வைத்தான்.

அக்கா காலிப் பைகளை எடுத்து எண்ணத் தொடங்கினாள்.

அவன் குவளையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“அருமையா இருக்குக்கா. பத்தையும் கட்டு.”

பதினெட்டு வருஷம் கடல் தண்ணீரில் நின்றவனுக்கு நாக்கு செத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வழக்கமாகப் போடும் பேரம்கூட இல்லாமல் பணத்தை வைத்துவிட்டுக் கிளம்பினான்.

குவளையைக் கழுவிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

கேட்டைத் தாண்டி, மதில் ஓரமாக வண்டி நின்றது. அங்கே நின்றால் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருப்பான்.

தம்பி இறங்கினான். ஒவ்வொரு பையாக ரப்பர் பேண்டை அவிழ்த்துச் சாக்கடையில் கவிழ்த்தான்.

பத்தையும்.

இரண்டு மணி நேரம் கழித்து, அவன் பண்ணைக்குப் போய்ச்சேர்ந்திருக்க வேண்டிய நேரத்துக்குச் சரியாக, போன் வந்தது.

“அக்கா, வழியிலயே முட்டை எல்லாம் செத்துப்போச்சு. ஐஸ் வைக்க மறந்துட்டேன். என் தப்புதான், நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத.”

அக்கா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு வேலைய உருப்படியா செய்ய மாட்டியாடா நீ?” என்று திட்டினாள்.