இன்னைக்கும் நெத்திலித் தலையா?

தாயில்லாத பூனைக்குட்டி கருவாயனைப் பாதி வளர்ந்த பிறகுதான் மஞ்சிப் பூனை தன் பிள்ளையாக வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அவனோ விருந்தாளி மாதிரியே இருந்தான். எதைக் கொடுத்தாலும், “போதுங்க, ரொம்ப நல்லா இருக்குங்க” என்பான். நாளைக்கே துரத்திவிட்டால் என்ன செய்வது என்று, பாதியைச் சாக்குக்கு அடியில் ஒளித்து வைப்பான். மஞ்சி அதைப் பார்த்துவிடுவாள். அதே சாக்குக்கு அடியில் தானும் ஒரு கருவாட்டுத் துண்டைச் சொருகிவிட்டுப் போவாள்.

ஒருநாள் தட்டைப் பார்த்ததுமே கருவாயன் மூஞ்சியைச் சுளித்தான். “இன்னைக்கும் நெத்திலித் தலையா? போம்மா, எனக்கு வேண்டாம்!”

“அம்மாவையே எதுத்துப் பேசுறான் பாரேன்!” என்று சீறினாள் மஞ்சி பெற்ற குட்டி.

“என்னடா சொன்னே? இன்னொரு தடவை சொல்லு பார்ப்போம்!” என்று அதட்டினாள் மஞ்சி. வால் மட்டும் சந்தோஷத்தில் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்து நின்றது.