எல்லோருக்கும் ஒரே நொடி

“இருபத்தொன்பது.”

“எஸ் சார்.”

பேராசிரியர் தலை நிமிரவில்லை. நிமிரவும் மாட்டார். போன மாதம், மாணவர்களைச் சமமாக நடத்துவது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தார். அன்றோடு நிமிர்வதை விட்டுவிட்டார்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடுமாம். முகத்தைப் பார்த்தால் பிடித்தது, பிடிக்காதது வந்துவிடுமாம். அதனால் வெறும் எண். குனிந்த தலை. பதில் சொல்ல ஆளுக்கு ஒரு நொடி. மகாராஜா மகனுக்கும் அதே நொடிதான் என்று பெருமை வேறு.

பயிற்சியில் எடுத்த புகைப்படத்தைக் கரும்பலகைக்கு மேலே மாட்டியிருக்கிறார், புண்ணியவான். அதில் மட்டும் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த ஏற்பாட்டில் கொழிப்பது கடைசி பெஞ்ச்தான். ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு நாலு குரலில் நாலு பேருக்கு ‘எஸ் சார்’ போடுகிறான். முப்பத்தேழு என்பவன் கறுப்பா சிவப்பா என்றே எங்களுக்குத் தெரியாது. அவன் வருகைப்பதிவில் மட்டும் ஒரு ஓட்டை கிடையாது.

நான் ஒருநாளும் மட்டம் போட்டதில்லை. முதல் பெஞ்ச். அவர் சட்டையில் ஒட்டிய சாக்பீஸ் தூள்கூடத் தெரியும். அப்படியும் ஒரு மாதமாக என் எண்ணுக்கு, முப்பத்து நாலுக்கு, வரவில்லை என்றே எழுதுகிறார். இன்றும் எழுதினால் பரீட்சை கிடையாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

“முப்பத்து நாலு.”

கையைத் தூக்கினேன். எழுந்தும் நின்றேன்.

பக்கத்தில் இருந்த தோழிக்குப் பொறுக்கவில்லை. “சார், இங்கதான் சார் நிக்கிறா. கொஞ்சம் நிமிந்து பாருங்க!”

“அடுத்தவங்களுக்கு நீ குரல் குடுக்கக் கூடாதும்மா. எல்லாருக்கும் ஒரே சட்டம்.”

பேனா கீறியது. முப்பத்தைந்து. முப்பத்தாறு.

எனக்குத் திக்கும். இவ்வளவையும் மனசுக்குள் கடகடவென்று சொல்லிவிட்டேன். ‘எஸ்’ மட்டும் தொண்டையில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றது. கழுத்து நரம்பு புடைக்கத் தள்ளினேன்.

“முப்பத்தேழு.”

கடைசி பெஞ்சுக்காரன் இன்று அசந்து தூங்கிவிட்டான். வகுப்பில் சத்தமே இல்லை.

அப்போதுதான் வந்து தொலைத்தது, முழுசாக, கணீரென்று.

“எஸ் சார்!”

பேராசிரியர் குனிந்தபடியே டிக் அடித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“குரல்னா இப்படி இருக்கணும். முப்பத்தேழப் பாத்துக் கத்துக்கங்க.”