கையால் அமுக்குகிற பிரேக்கர்

கடைக்காரர் இரண்டு பிரேக்கர்களையும் கண்ணாடி மேஜைமேல் எடுத்து வைத்த உடனே, எது வேண்டும் என்று நீலாவுக்குத் தெரிந்துவிட்டது. சீட்டில் எழுதியிருந்தது அதுவல்ல.

சீட்டு கணவர் ஜம்புநாதனுடையது. போசரித் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் ஸ்விட்ச் போர்டு செய்த கை. ட்ரான்ஸ்ஃபார்மர், பதினாறு வோல்ட், ஐந்து ஆம்பியர். அதன் கீழே பிரேக்கர் என்று எழுதி, ஏதோ எழுதி அடித்து, மறுபடி எழுதி அடித்து, மூன்றாம் தரம் ‘தானாகத் திரும்ப வருவது’ என்று முடித்திருந்தார்.

மேலே ‘நீலா’ என்று ஒரு வார்த்தை இல்லை. எப்படி இருக்கும்? அவளோடு பேசியே பதினாலு மாசம் ஆகிறது.

மகள் தீப்தி தன் இஷ்டத்துக்கு ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டாள். சாட்சிக் கையெழுத்து போட்டது நீலா. அன்றைக்கு வாயை மூடிய மனுஷர்தான். வீம்பென்றால் அப்படி ஒரு வீம்பு! காபி வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வார்.

மகளின் அறையில் பெரிய மேஜை போட்டு பொம்மை ரயில் விட ஆரம்பித்தார். மேஜைக்கு நடுவே ஆள் உட்காரும்படி ஓர் இடைவெளி. குனிந்து அதற்குள் நுழைந்துவிட்டால், அவருடைய முழங்கால் வலியோடு வெளியே வருவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். ட்ரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம் காதில் விழக்கூடாதாம். அதையும் பிரேக்கரையும் சமையலறை அலமாரியில் வைத்து ஒயர் இழுத்திருந்தார்.

அதனால், வண்டி தடம் புரண்டு, பிரேக்கர் ட்ரிப் ஆகி மின்சாரத்தை வெட்டினால் மட்டும் குரல் வரும்.

“நீலா! கரன்ட் போயிடுத்து!”

அவள் போய்ச் சிவப்புக் குமிழை அமுக்குவாள். அவ்வளவுதான். அந்த ஒரு கூப்பிடலுக்காக அவள் சமையலறையை விட்டு நகராத நாட்கள் உண்டு.

போன வாரம் ட்ரான்ஸ்ஃபார்மர் கருகி, பிரேக்கரையும் கூட்டிக்கொண்டு போயிற்று. எட்டு நாளாக ரயிலும் இல்லை, பேரும் இல்லை. இப்போது இந்தச் சீட்டு. அந்த ஒரு வார்த்தையும் வேண்டாமென்று ஆகிவிட்டதா இவருக்கு?

கடைக்காரர் இரண்டு ஒயர் நுனிகளின் குறுக்கே ஸ்க்ரூடிரைவரை வைத்துக் காட்டினார். தண்டவாளத்தில் இரும்பு விழுந்தால் இதுதான் நடக்கும் என்றார். ‘டக்.’ ஸ்க்ரூடிரைவர் கிடக்கும்வரை ஒன்றின் குமிழை எத்தனை தரம் அமுக்கினாலும் வெளியே தெறித்தது. எடுத்த பிறகுதான் உள்ளே நின்றது. மற்றதோ, எடுத்த மறுநிமிஷம் தானாகவே உயிர் பெற்றது.

“இதுதான் நல்லது, காகூ. யாரும் எழுந்து போகவே வேண்டாம்,” என்று சித்தி முறை வைத்து இந்தியில் சொன்னார்.

“அதனால்தான் வேண்டாம். கையால் அமுக்குவதையே கொடுங்கள்,” என்று நீலாவும் இந்தியிலேயே சொன்னாள்.

விஷ்ராந்த்வாடி வீட்டுக்கு வந்து பையை மேஜைமேல் வைத்தாள். ஜம்புநாதன் பிரேக்கரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லட்சம் பிரேக்கர் பார்த்த கண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்? திட்டப்போகிறார் என்று நின்றாள். திட்டினால்கூடத் தேவலை, அதுவும் பேச்சுதானே.

அவர் திட்டவில்லை. புது ட்ரான்ஸ்ஃபார்மரையும் பிரேக்கரையும் அலமாரியில் பொருத்திவிட்டு, ஸ்க்ரூடிரைவரோடு அறைக்குள் போனார்.

ரயில் ஓடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நின்றது.

“நீலா! கரன்ட் போயிடுத்து!”

எட்டு நாள் பட்டினி. அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஓடிப்போய்க் குமிழை அமுக்கினாள். தெறித்தது. மறுபடி அமுக்கினாள். மறுபடி தெறித்தது. கடைக்காரன் பழுதானதைத் தலையில் கட்டிவிட்டானோ? பதறிக்கொண்டு அறைக்குப் போனாள்.

வண்டி ஒன்றும் தடம் புரளவில்லை. ஸ்டேஷனில் சமர்த்தாக நின்றிருந்தது. ஜம்புநாதன் மேஜை நடுவே உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைக்கு எட்டுகிற இடத்தில், இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே, கோடு போட்ட மாதிரி ஸ்க்ரூடிரைவர் வைக்கப்பட்டிருந்தது.

நீலா சமையலறைக்குத் திரும்பினாள். குமிழை அமுக்கவில்லை.

இன்னொரு தரம் கூப்பிடட்டும்.