தூக்கிக் காட்ட ஒரு மீன்

எய்ல் ஊரின் கரை கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. கடற்கொள்ளையரைத் தேடி வந்த கடற்படை ஹெலிகாப்டர் இரண்டு மீனவர்கள் இருக்கும் சிறு படகுக்கு நேர்மேலே நிற்கிறது. அதன் காற்றில் தண்ணீர் நடுங்குகிறது, கதவோரம் ஒரு துப்பாக்கி குனிந்து பார்க்கிறது. மீனவன் என்றால் மீனைத் தூக்கிக் காட்ட வேண்டும், இந்தக் கடலில் அதுதான் வழக்கம். "மீனக் காட்டுங்கண்ணே," என்கிறான் சமதார், கைகளை உயர்த்தியபடி. "ஒண்ணுகூட மாட்டலையேடா, எதக் காட்ட?" என்றபடி அவாலே குனிந்து, காலையில் ரொட்டியோடு தின்று மிச்சம் வைத்த சூரைமீன் தலையை எடுத்து இரண்டு கைகளாலும் வானத்துக்கு நீட்டுகிறார். ஹெலிகாப்டர் சற்று நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறது. இரைச்சல் தேய்ந்து அடங்குகிறது. சுற்றிலும் வெயிலும் தண்ணீரும்தான். "போயிட்டான், இறக்குங்க." அவாலே கையை இறக்கவில்லை. "இருடா. திரும்பிப் பாத்தாலும் பாப்பான்."