வெறும் வயிற்றில் வரவும்

“மூச்சை இழுத்துப் பிடிங்க,” என்றார் ஸ்கேன் டாக்டர்.

பிடித்தேன். பிடித்த மூச்சுக்குள்ளிருந்தே சிரிப்பு கிளம்பியது. சிரித்தால் கல்லீரல் ஆடும், ஆடினால் கட்டியை அளக்க முடியாது. டாக்டர் முறைத்தார்.

நான் என்ன செய்வேன்? உள்ளே கூப்பிட்ட நேரத்தில்தான் நடைபாதையின் கோடியில் அவள் வந்து கையாட்டினாள்.

கட்டி என்றதும் யாரும் பதற வேண்டாம். புற்று இல்லை, பரம சாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது அகப்பட்டது. வளர்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அளந்து பார்ப்பார்கள். உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல், எந்த வம்புக்கும் போகாமல் இருப்பதால் அதற்கு ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இதே ஸ்கேன் பெஞ்சில் பழக்கமான அவளுக்கும் கல்லீரலில் அதே மாதிரி ஒன்று. அவள் அதை ‘நாத்தனார்’ என்பாள்.

அவள் பள்ளி வேன் ஓட்டுகிறாள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். ஐம்பதைத் தாண்டியும் நான் அண்ணன் வீட்டு மாடியில் ஒண்டிக்கட்டை. அவளும் தனிக்கட்டைதான்.

ஸ்கேனுக்கு முன் ஆறு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, டீகூட. சீட்டிலேயே அச்சடித்திருக்கும். காது அடைக்கும் பசியோடு பெஞ்சில் உட்கார்ந்து, யார் வயிறு பெரிதாகக் கத்துகிறது என்று நாங்கள் போட்டி வைப்போம். எப்போதும் அவள்தான் ஜெயிப்பாள்.

இப்படி ஐந்து தடவை. ஐந்து தடவையும் போன் நம்பர் கேட்க வாயெடுத்து, எச்சிலை விழுங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

போன தடவை அவளே கேட்டாள், உங்களுக்கு அடுத்து என்ன தேதி என்று. சொன்னதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். அதே தேதியைக் கேட்டு வாங்கத்தான் போகிறாள் என்று ஆறு மாதமும் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். இன்று காலை சட்டைக்கு இரண்டாம் முறை இஸ்திரி போட்டபோது அண்ணி கேட்டே விட்டாள்.

“நீங்க ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?”

டாக்டர் திரையில் படத்தை நிறுத்தி, கட்டியின் இரண்டு ஓரத்திலும் புள்ளி வைத்தார். முப்பத்தொரு மில்லிமீட்டர். மூன்று வருஷமாக அதே அளவு. இனி வரவே வேண்டாம் என்று சிரித்தபடி கை கொடுத்தார்.

வராவிட்டால் அவளை எங்கே பார்ப்பது? இன்னொரு தடவை அளந்து பாருங்களேன், ஒரு மில்லிமீட்டராவது கூடியிருக்கும் என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன். வயிற்றிலிருந்த பசையைத் துடைக்கக் காகிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே ஓடினேன். பெஞ்சில் இருந்தாள். இன்றைக்கு விட்டால் என்றைக்கும் இல்லை.

“எனக்கு முடிஞ்சிருச்சாம். இனிமே வர வேண்டாமாம்,” என்றேன். குரல் எனக்கே அழுகையாகக் கேட்டது.

அவள் வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

அப்போதுதான் பார்த்தேன். மடியில் கடித்த பன். கையில் பாதி குடித்த டீ.

“ஐயையோ, என்னங்க பண்ணிட்டீங்க? டீ குடிச்சா இன்னிக்கு ஸ்கேன் எடுக்க மாட்டாங்களே!”

நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, முந்தானையில் விழுந்த துணுக்கைத் தட்டிவிட்டாள்.

“எனக்கு எதுக்கு ஸ்கேன்? என்னைத்தான் போன தடவையே வர வேண்டாம்னு சொல்லிட்டாங்களே.”

பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு டீ இருந்தது. ஆறாமல் இருக்க அதன் மேல் ஒரு பன்னை வைத்து மூடியிருந்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வயிறு, நடைபாதையே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது.

முதல் தடவையாக நான் ஜெயித்தேன்.